இன்ஜினுக்குப் பொய் சொல்லாதவர்

வண்டியோடு யார் வந்தாலும் அவர் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். வந்தவரை ஒரு பழைய ஆயில் டிரம்மின் மேல் உட்கார வைத்துவிட்டு, எதிரே தானும் குத்தவைத்து உட்கார்ந்து விசாரிப்பார். இந்தக் கோளாறு எப்போதிலிருந்து? காலையில் எடுக்கும்போதா, சூடேறிய பிறகா? தனியாகப் போகும்போதா, ஆள் ஏற்றியிருக்கும்போதா? கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள்? வேறு யாராவது வண்டியை எடுத்தார்களா? இல்லை என்று சொன்னால் அந்த ஆளின் முகத்தையே சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள், "மச்சினன் மட்டும் ஒரு கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போனான்" என்று ஒப்புக்கொள்வார். இவர் சிரிக்க மாட்டார். "அதச் சொல்லும் முதல்ல" என்று எழுந்திருப்பார்.

ஊரில் அவருக்குக் கொழும்பு அண்ணாச்சி என்று பேர். சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். பனங்காட்டுக் குடும்பம். இளம் வயதில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு பெரிய கார்ப் பட்டறையில் வேலை பழகி, அங்கே இருப்பது இனி சரிப்படாது என்று ஆனதும் மனைவியோடு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தவர். பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அவருடைய பட்டறையும் என்னுடைய பேட்டரிக் கடையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் இருந்தன. இன்ஜின் அவருக்கு, கரண்ட் எனக்கு. டைனமோ, செல்ஃப் மோட்டார், விளக்கு என்று எது வந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "ஏலே, இங்கன வா" என்று குரல் வரும். என்னைவிடச் சில வயது மூத்தவர். எழுபதுகளில், புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்த காலம். எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

அவருக்கும் வேலை வந்தது. ஆனால் வந்த வேலை வெளியே போகாது. காரணம் தெரியாமல் ஒரு வண்டியையும் விட மாட்டார். வேம்பாரிலிருந்து உப்பு ஏற்றி வந்த ஒரு லாரி நினைவிருக்கிறது. பின்சக்கரத்தில் ஏதோ கடகடவென்று சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார்கள். பட்டறை வாசலுக்கு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. லாரிக்காரர் "சரி, போயிருச்சி" என்று சந்தோஷமாகக் கிளம்பப் பார்த்தார். அண்ணாச்சி எட்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

"தானா நின்ன சத்தம் தானா வரும் வே. அது வரும்போது நீரு எந்த வளைவுல இருப்பீரோ."

அன்று முழுக்கப் பிரித்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. லாரிக்காரர் வேறு லாரி பிடித்து உப்பை மாற்றி ஏற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் சாயங்காலம்தான் ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த ஒரு போல்ட்டில் மயிரிழை போல ஒரு கீறல் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்து காட்டினபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு சமயங்களில் பார்த்ததில்லை. லாரிக்காரர் போல்ட்டைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சாலையில் போகும்போது எங்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். ஐப்பசி மழைக்கு அடுக்களை மூலையில் கொஞ்சம் ஒழுகிற்று. தார் வாங்கி ஒரு பூச்சுப் பூசினால் தீர்ந்தது. அவர் பூச விடவில்லை. தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியாமல் வெளியே வரும் இடத்தை அடைத்து என்ன பிரயோசனம் என்றார். மழை விட்டு, பங்குனி வெயில் வந்ததும் குடம் குடமாகத் தண்ணீரைக் கூரைக்கு ஏற்றி ஒவ்வொரு ஓடாக ஊற்றிப் பார்த்தார். அவர் மனைவி, எனக்கு மதினி முறை, என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"மழைக்கு ஒரு மூலைதான் தம்பி ஒழுகிச்சி. இவிய வெயில்ல வீடு பூரா நனைச்சிட்டாவ. பாய், தலகாணி எல்லாம் போச்சி. ஒரு மனுசனுக்கு இப்படியுமா ஒரு கிறுக்கு?"

சொல்லிவிட்டு மதினி சிரித்தார். அவரோடு வாழ்வதற்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

மதினி சிரிக்காத சமயமும் உண்டு. அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. கொழும்பில் ஒன்று, இங்கே வந்த பிறகு ஒன்று, இரண்டும் பிறக்கும் முன்பே போய்விட்டன. இரண்டாவது போனபோது டாக்டரம்மாவிடம் அவர் காரணம் கேட்டிருக்கிறார். சில பேருக்கு அப்படித்தான் ஆகும், மனசைத் தளர விடாதீர்கள் என்று அந்த அம்மா நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார். "சில பேருக்கு அப்படித்தான்னா என்ன அர்த்தம்? அந்தச் சில பேரு யாரு? நாங்க ஏன் அதுல இருக்கோம்?" என்று இவர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு திரும்பத் திரும்பக் கேட்க, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்க, மதினி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாராம். இதை மதினிதான் சொன்னார். அண்ணாச்சி அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

ஒரு வெளிநாட்டுக் கார் அவர் பட்டறைக்கு வந்தது இதற்கெல்லாம் பின்னால்.

புதுத் துறைமுக வேலைக்கு வந்திருந்த ஓர் அயல்நாட்டு இன்ஜினியர் கொண்டுவந்த வண்டி அது. அவர் ஊர் திரும்பியபோது, வேம்பார்ப் பக்கம் உப்பளம் வைத்திருந்த முதலாளி ஒருவர் அதை வாங்கினார். ஏற்கெனவே ஏழெட்டு வருஷம் ஓடிய கார்தான். ஆனாலும் ஊரில் அப்படி ஒன்று வேறு இல்லை. கடல் பச்சை நிறம். முதலாளி அதில் போனால் டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து பார்ப்பார்கள்.

அதை ஓட்டியவன் சவரிமுத்து. பெரியதாழைக்காரன். கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். "கட்டுமரத்துல ஏறினா வாந்தி எடுக்கிற ஒரே பரவன் நான்தான் அண்ணாச்சி" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். காரைத் துடைப்பதென்றால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தொடங்குவான், பொத்தான் கீறிவிடும் என்று. பீடி குடிப்பான். காரிலிருந்து பத்தடி தள்ளிப் போய்த்தான் குடிப்பான். நான் பார்த்த வரைக்கும்.

அவன்தான் ஒரு நாள் அதைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆயில் டிரம்மில் உட்காரச் சொல்லுமுன்னே உட்கார்ந்துகொண்டான்.

"மிதிச்சா ஒரு நிமிசம் மூச்சு முட்டுது அண்ணாச்சி. இருமுது. பெறவு ஒரே தாவு தாவுது. டவுனுக்குள்ள ஒண்ணுமில்ல. வேம்பார் ரோட்டுல நல்லாச் சூடானப் பெறவுதான்."

அண்ணாச்சி பானெட்டைத் திறந்தார். நானும் போய்ப் பார்த்தேன். அதில் கார்புரேட்டரே இல்லை. அது இல்லாமல் ஒரு பெட்ரோல் கார் ஓடும் என்பதே எனக்குப் புதுசு. அவர் கொழும்பில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார், கை வைத்ததில்லை. பின்னால் ஒரு மின்சார பம்ப் பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. ரப்பர் குழாய் வழியாக வந்த பெட்ரோலை ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு நாசில் பீச்சுகிறது. எவ்வளவு நேரம் பீச்ச வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஒரு தகரப் பெட்டி முடிவு செய்கிறது. காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அந்தப் பெட்டிக்கு ஒயர் வழியாகச் சேதி போகிறது. இதையெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒயரையும் குழாயையும் பிடித்துக்கொண்டே போய்த் தெரிந்துகொண்டோம்.

பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளை வெளேரென்று இருந்தன.

"பெட்ரோல் பத்தல. காத்துதான் கூடுதல்" என்றார். "கொழும்புல இதுக்கு 'லீன்'ம்பாவ. இப்படியே ஓட்டினா வால்வு கருகிரும். மூணுல ஒண்ணுலே. வர வேண்டிய பெட்ரோல் வரல. இல்ல, கணக்குல இல்லாத காத்து எங்கனயோ உள்ள போவுது. இல்ல, அந்தப் பொட்டிக்கு எவனோ தப்பாச் சொல்லுதான்."

அந்த மூன்றில் எது என்று தேடத் தொடங்கினார். பெட்ரோல் டாங்கைக் கழுவினார். பில்டரை மாற்றினார். கப்பல் ரிப்பேர் செய்யும் இடத்திலிருந்து ஒரு பிரஷர் மீட்டர் இரவல் வாங்கி வந்து குழாயில் மாட்டிப் பார்த்தார். முள் அசையாமல் நின்றது. நாசில்கள் நான்கையும் கழற்றி நான்கு மருந்து பாட்டில்களுக்குள் விட்டுப் பீச்ச வைத்தார். நான்கிலும் ஒரே மட்டம். காற்றுப் போகும் இணைப்புகளில் எல்லாம் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எங்கேயாவது இன்ஜின் அதை உறிஞ்சி ஓசை மாறுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். மாறவில்லை. ஒயர்களை நான் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. பட்டறையில் நின்றால் கார் தங்கம் போல ஓடியது. சாலையில் ஏற்றிச் சூடானதும் மறுபடி இருமியது.

நாளாக ஆக அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். வேறு வண்டிகளை உள்ளே விடவில்லை. மத்தியானம் தூக்குவாளியில் மதினி கொண்டுவந்த சோறு அப்படியே ஈ மொய்த்துக் கிடக்கும். எனக்குப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு யோசனை சொன்னேன். இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்கிற ஒயர் ஒன்று இருந்தது.

"அண்ணாச்சி, இந்த ஒயருக்கு நடுவுல சின்னதா ஒரு ரெசிஸ்டன்ஸ் போட்டுருவோம். இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாத்தான் இருக்குன்னு பொட்டி நினைச்சுக்கிடும். பெட்ரோலத் தன்னால கூட்டிக் கொடுக்கும். இருமல் நின்னுரும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல இருந்தது.

"இன்ஜினுக்குப் பொய் சொல்லச் சொல்லுதியாலே?"

"பொய்யில்ல அண்ணாச்சி, ஒரு..."

"சூடா இருக்கிறத குளுந்திருக்குன்னு சொன்னா அதுக்குப் பேரு என்ன? போ, போய் உன் சோலியப் பாரு."

அதற்கு மறுநாளோ என்னவோ முதலாளி நேரில் வந்தார். பட்டறை வாசலில் நின்று, பிரித்துப் போட்டிருந்த சாமான்களைப் பார்த்தார்.

"என்னவே, வண்டியத் தாறீரா, இல்ல வித்துப்புட்டீரா?"

"கோளாறு என்னன்னு இன்னும் பிடிபடல மொதலாளி. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கணும்."

"ஓடுதுல்லா? கொஞ்சம் இருமுனா இருமிட்டுப் போகுது. எனக்கு வேம்பாருக்குப் போய் வர வண்டி வேணும்." பிறகு சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார். "ஏலே, இவரு தர வரைக்கும் உனக்கு என்ன வேலை? வண்டி இல்லாத டிரைவருக்கு நான் எதுக்குச் சோறு போடணும்? வெள்ளிக்கிழம வண்டி வீட்டுல நிக்கலன்னா, நீயும் நிக்காத."

முதலாளி போனார். சவரிமுத்து அண்ணாச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, உங்க நேர்மை எனக்குத் தெரியும். ஆனா கடலுக்கும் நான் ஆகல. இதுவும் போச்சின்னா நான் எங்க போவேன்? எப்படியாவது கொஞ்சம் ஓடுற மாதிரி ஆக்கிக் குடுங்க. பெறவு முதலாளி ஊருக்குப் போறப்ப நானே கொண்டாந்து விடுதேன். நீங்க ஆற அமரப் பாருங்க."

அவர் கழற்றிப் போட்டிருந்த சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினார். வியாழக்கிழமை காலையில் நான் கடை திறக்கும்போது எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடித்திருந்தார். என் யோசனையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. குழாயில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறிய டப்பா இருந்தது. அதன் தலையில் ஒரு ஸ்க்ரூ. அதைக் கொஞ்சம் முறுக்கினால் அழுத்தம் கூடும், நாசில் அதே நேர அளவில் கூடுதல் பெட்ரோலைப் பீச்சும். அதைத்தான் முறுக்கினார். முறுக்கும்போது எனக்குச் சொன்னார்:

"பசிக்குதுங்குது. என்ன நோய்னு தெரியல. சோத்தக் கூட வைக்கேன். இதுல பொய் இல்ல."

ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். வெடிப்பு எதுவும் தெரியவில்லை. மாற்றலாம் என்றால் அந்த அழுத்தத்துக்குத் தாங்குகிற பெட்ரோல் குழாய் ஊரில் கிடையாது. மூன்று பேரும் முத்தையாபுரம் வரை ஓட்டிப் பார்த்தோம். இருமல் இல்லை. கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. சவரிமுத்து ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு ஏதோ கோயில் பாட்டுப் பாடினான். பின்சீட்டில் அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "இது வைத்தியம் இல்லலே. மொதலாளி ஊருக்குப் போனதும் கொண்டாந்துரு" என்றார். "கண்டிப்பா அண்ணாச்சி" என்று அவன் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

மறு வாரம் ஒரு நாள், வெயில் உச்சிக்கு ஏறின நேரத்தில், ஓர் உப்பு லாரி எங்கள் வாசலில் வந்து பிரேக் போட்டது. டிரைவர் இறங்காமலே கத்தினான்.

"அண்ணாச்சி, அந்தப் பச்சைக் காரு வேம்பார் ரோட்டுல எரியுதுவே!"

அதே லாரியில் நாங்கள் இருவரும் ஏறிக்கொண்டோம். 

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீ அணைந்திருந்தது. பக்கத்து அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து, ஓலைப்பெட்டிகளில் உப்பையும் பாத்தித் தண்ணீரையும் அள்ளிக் கொட்டி அணைத்திருக்கிறார்கள். முன்பாதி கருகி, வெள்ளை உப்பு மேலே படிந்து, அந்தக் கார் பார்ப்பதற்கு எலும்பும் சாம்பலும் போலக் கிடந்தது. தனியாக வந்துகொண்டிருந்த சவரிமுத்து புகையைக் கண்டதும் காரை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டிருக்கிறான். அப்படியே ஓடியிருந்தால் பிழைத்திருப்பான். முதலாளி வண்டி ஆயிற்றே என்று பானெட்டைத் திறந்திருக்கிறான். உள்ளே அடங்கியிருந்த தீ காற்றுக் கிடைத்ததும் அவன் மேல் எழும்பிவிட்டது. அவனை ஏற்கெனவே ஒரு பஸ்ஸில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. அவன் மனைவி சுவரோரம் தரையில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். அண்ணாச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.  அவர் அப்படி உட்காரும் விதம் எனக்குத் தெரியும்.

"சவரி. நான் வந்திருக்கேன்."

அவன் கண்ணைத் திறந்தான்.

"புகை முதல்ல எந்தப் பக்கம் வந்திச்சி? இடது பக்கமா, வலது பக்கமா?"

"அண்ணாச்சி, வேண்டாம்" என்று நான் வாசலிலிருந்தே சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

"பெட்ரோல் வாடை முன்னாடியே அடிச்சிச்சா? எவ்வளவு தூரமா? ஓடிக்கிட்டு இருக்கும்போதா, நிப்பாட்டினப் பெறவா?"

சவரிமுத்து பதில் சொன்னான். உதடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வந்தது. வலது பக்கம். வாடை அடித்தது. பாலம் தாண்டினதும். அவன் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவன் மனைவி ஜெபமாலையை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பீடி பத்த வச்சியாலே?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு சொன்னான்:

"வண்டி நல்லா ஓடுச்சி அண்ணாச்சி. இருமவே இல்ல."

மறுநாள் விடியும் முன்னே போய்விட்டான்.

எரிந்த காரை முதலாளி ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "அந்தச் சவத்த நீரே வச்சிக்கிடும்" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி அதைக் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறைக்குள் நிறுத்தினார். கோதுமை மாவு சலிக்கிற சல்லடையை வீட்டிலிருந்து எடுத்து வந்து, பானெட்டுக்குள் கிடந்த சாம்பலை அள்ளி அள்ளிச் சலித்தார். உருகின ஈயமும் திருகாணியும் வந்தன. ரப்பர் எல்லாம் எரிந்து போயிருந்தது. அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்ததா, குழாயை இறுக்கும் கிளிப்பை அவர் திரும்பப் பூட்டும்போது சரியாகப் பூட்டவில்லையா, ஒயர் ஏதாவது உரசித் தீப்பொறி வந்ததா, பீடியா, எதற்கும் அடையாளம் இல்லை. முதலில் கார் எதற்காக இருமியது என்பதும் அந்தச் சாம்பலோடு போய்விட்டது. அதைத் தெரிந்துகொண்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது போல அவர் அதையும் தேடினார்.

மதினி தினமும் சாயங்காலம் வந்து கூப்பிடுவார். ஒரு நாள் என் கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாம்பலச் சலிச்சி என்னத்தக் கண்டாவ தம்பி? வீட்டுக்கு வந்தாலும் கை அப்படியே கருப்பாத்தான் இருக்கு. கழுவ மாட்டேங்காவ. சோத்தப் பிசைஞ்சா சோறும் கருப்பா ஆகுது. நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

அன்றைக்கு மதினி சிரிக்கவில்லை. நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். மறுநாளும் சலித்தார்.

இதற்கிடையில் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியிருந்தது. டிரைவர் பீடி குடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான், அதுதான் காரணம் என்று. யார் தொடங்கியது என்று தெரியாது. முதலாளி வீட்டில் வேலை செய்தவர்களும் அதையே சொன்னார்கள். அந்தப் பேச்சு பெரியதாழை வரைக்கும் போயிருக்கிறது.

மாதாகோயில் திருநாள் கழிந்த சமயம், சவரிமுத்துவின் மனைவி பட்டறைக்கு வந்தாள். கறுப்புச் சேலை உடுத்தியிருந்தாள். அண்ணாச்சி சல்லடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் ஒரு பேட்டரிக்கு ஒயர் மாட்டிக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

"உட்காரும்மா" என்றார்.

அவள் உட்காரவில்லை.

"நான் சண்ட போட வரல அண்ணாச்சி. ஒண்ணு கேட்டுட்டுப் போவ வந்தேன். அவிய பீடி குடிச்சதுனாலதான் தீப்பிடிச்சிச்சின்னு எல்லாரும் சொல்லுதாவ. எங்க மாமியாருமே சொல்லுதாவ. பெரிய பையன் பள்ளிக்கூடத்துல அடிச்சிக்கிட்டு வாரான், உங்கப்பன் தன்னால எரிஞ்சி செத்தாம்னு எவனோ சொன்னான்னு. அவிய அப்படிச் செய்யுத ஆளில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க. எதுனால?"

அவர் அந்தக் காரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு நாளும் கூச்சப்பட்டவர் இல்லை.

"பீடி இல்லம்மா" என்றார். "நான்தான். பெட்ரோல் வேகத்த நான் கூட்டி வச்சேன். ரப்பர் தாங்கல. வெடிச்சிருச்சி."

"நிசமாவா?"

"நிசமா."

"சாமி மேல சத்தியமா?"

"சத்தியமா."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பம் என் பிள்ளைகள்ட்ட நான் அப்படியே சொல்லலாம்லா?"

"சொல்லும்மா. எல்லார்ட்டயும் சொல்லு."

வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"அவிய உங்களப் பத்திப் பெருமையாச் சொல்லுவாவ அண்ணாச்சி. கொழும்பு அண்ணாச்சி கை வச்சா காரணம் தெரியாம விடமாட்டாருன்னு."

அவள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள் என்று தோன்றிய பிறகு கேட்டேன்.

"அண்ணாச்சி, நிசமாவே அதானா?"

"தெரியாதுலே" என்றார். சல்லடையை எடுத்து, அதில் கிடந்த சாம்பலைத் தரையில் தட்டினார். "பிள்ளைகள்ட்டச் சொல்ல அவளுக்கு ஒண்ணு வேணும்லா."

அவள் எல்லாரிடமும் சொன்னாள். சொல்வதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. பீடிப் பேச்சு அடங்கிற்று. அதற்குப் பதிலாக, கொழும்பு அண்ணாச்சி ஓர் ஆளைக் கொன்றுவிட்டார், அவரே சத்தியம் செய்து ஒப்புக்கொண்டார் என்று ஊர் பேசியது. ஒரு சைக்கிள்கூட அதற்குப் பிறகு அவர் வாசலில் நிற்கவில்லை. நான் சிலரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "அவரே சொல்லுதாரு, நீரு என்ன புதுசா" என்றார்கள். எரிந்த காரை இரும்புக்குப் போட்டுவிட்டு, பட்டறையைக் காலி செய்துகொண்டு, அவரும் மதினியும் முத்தையாபுரம் பக்கம் குடிபோனார்கள். போகும்போது மதினி என் மனைவிக்கு இரண்டு பித்தளைக் குடங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சில வருஷங்கள் கழித்து அந்தப் பக்கம் ஓர் உப்பளத்துக்கு ஒரு மோட்டார் வேலையாகப் போனேன். கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற டீசல் பம்ப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓலைச் சார்ப்பில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தாடி முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார். மதினி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இருக்கா" என்றார்.

நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே அந்த இன்ஜின் கரும்புகையைக் கக்கி மூச்சு முட்டத் தொடங்கிற்று. அப்படி ஓர் ஓசையைக் கேட்டுக்கொண்டு அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அவர் பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. நான் பொறுக்க முடியாமல் என் பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"விடுலே" என்றார்.

"நாசில்தான் அண்ணாச்சி. கழத்தினா அஞ்சு நிமிச வேலை."

"ஓடினா ஓடுது. நின்னா நிக்குது. மொதலாளி ஆள் அனுப்புவாரு."

அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. தலைத் துண்டை அவிழ்த்து உதறி, சுருட்டித் தலைக்கு வைத்து, அந்த இன்ஜினுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். நான் ஸ்பானரைப் பைக்குள் போட்டேன். பிறகு பஸ் பிடிக்க ரோட்டுக்கு நடந்தேன்.